ஒட்டுப்போட்ட ஏர் டேங்க்

நான் அந்த வெல்டரை அடித்தபோது அவர் குனிந்து ஓர் இரும்புக் கேட்டுக்குக் கீல் வைத்துக்கொண்டிருந்தார். முகத்தில் கறுப்புக் கண்ணாடி இருந்ததால் நான் வந்ததைப் பார்க்கவில்லை. முதல் அடி வலது தோளில் விழுந்தது. வீல் ஸ்பேனர் இரும்பில் பட்டால் ஒரு சத்தம், எலும்பில் பட்டால் வேறு சத்தம். அந்த இரண்டாவது சத்தத்தை அதற்கு முன் நான் கேட்டதில்லை. இப்போது மறக்க முடியவில்லை.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. என் பெயரும் வேண்டாம். சங்கரன்கோவிலில் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு யார் யார் என்று தெரியும். மற்றவர்களுக்கு நடந்தது மட்டும் போதும்.

இருபத்தேழு வருஷம் அரசு பஸ் ஓட்டினேன். நல்ல டிரைவர் என்றுதான் பெயர். ஆனால் கைநீட்டுகிற பழக்கம் உண்டு. சர்வீஸில் இருக்கும்போது ஒரு கண்டக்டரை வாயில் குத்தி இரண்டு பல்லை உடைத்து, சஸ்பெண்டில் கிடந்திருக்கிறேன். கல்யாணமான புதிதில் என் மனைவியை இரண்டு தடவை அடித்திருக்கிறேன். அவள் நர்ஸ். இரண்டாவது தடவை அடித்தபோது வெள்ளைச் சேலை கட்டி டூட்டிக்குக் கிளம்பி நின்றாள். கன்னத்தில் விரல் தடத்தோடேயே போய் எட்டு மணி நேரம் வேலை பார்த்துவிட்டு வந்து, கைப்பையைக் கீழே வைக்காமலே சொன்னாள்.

"இன்னொரு தடவ கை வச்சீங்கன்னா நான் டூட்டிக்குப் போயிட்டுத் திரும்பி வர மாட்டேன்."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. அதனால்தான் பயந்தேன். அதற்குப் பிறகு அவள் மேல் கை வைத்ததில்லை. ஆனால் கை திருந்திவிடவில்லை. டீக்கடை, பஸ் ஸ்டாண்டு, தண்ணீர் லாரி வரிசை என்று வேறு இடங்களைப் பார்த்துக்கொண்டது.

இருவரும் ரிட்டையர் ஆனோம். முப்பது வருஷம் வார்டுக்குள்ளேயே நடந்தவள், மதுரைக்கு வடக்கே எதையும் பார்த்ததில்லை. "லாட்ஜு பாத்ரூம நம்பி என்னால ஊரூரா போக முடியாது" என்றாள். அப்போதுதான் ஒரு காலேஜில் பழைய பஸ் ஒன்றை ஏலம் விட்டார்கள். எடுத்தேன். சீட்டுகளைக் கழற்றி இரண்டு கட்டில் போட்டோம். ஒரு மூலையில் கேஸ் அடுப்பு, கை கழுவும் தொட்டி, கூரைக்கு மேல் தண்ணீர் டிரம், பின்பக்கம் ஒரு சின்னக் கழிப்பறை. ஜன்னல்களுக்கு அவளே திரை தைத்தாள். தெருவில் எல்லோரும் 'வீட்டு பஸ்' என்றார்கள். ராமேஸ்வரம், தஞ்சாவூர், மைசூர் என்று மூன்று வருஷம் சுற்றினோம். காலையில் பஸ்ஸின் படியில் உட்கார்ந்து அவள் காபி குடிக்கும்போது முகத்தில் இருந்த நிறைவை, நாங்கள் வீட்டில் இருந்த காலத்தில் நான் பார்த்ததில்லை.

பஸ்ஸுக்குப் பிரேக் பிடிப்பது காற்றில். இன்ஜினோடு ஓடும் கம்ப்ரசர் காற்றை அடித்து, அடியில் தொங்கும் இரும்பு டேங்குகளில் நிரப்பும். அந்தக் காற்றோடு ஈரமும் உள்ளே போகும். டேங்க்கின் வயிற்றில் ஒரு சின்ன வால்வு இருக்கும். தினமும் காலையில் அதை இழுத்துத் தேங்கிய தண்ணீரை வெளியே விட வேண்டும். விடாவிட்டால் இரும்பு உள்ளுக்குள்ளேயே அரித்துப்போகும். இது எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. டிப்போவில் அதை மெக்கானிக்குகள் செய்தார்கள். நான் சீட்டில் ஏறி ஓட்டினேன். என் சொந்த பஸ்ஸுக்கு அடியில் குனிந்து அந்த வால்வை மூன்று வருஷத்தில் நான் நாலைந்து தடவை இழுத்திருந்தால் அதிகம்.

ஒரு பங்குனி மாதத்துக் காலையில் பஸ்ஸை ஸ்டார்ட் பண்ணி அரை மணி நேரமாகியும் காற்றழுத்தம் காட்டும் முள் பாதிக்கு மேல் ஏறவில்லை. இன்ஜினை நிறுத்தினால் அடியில் புஸ்ஸென்று ஒரு சத்தம். பின்பக்க டேங்க்கில் ஊசித்துளை. ராஜபாளையம் ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் அந்த வெல்டரிடம் மெதுவாக ஓட்டிக்கொண்டு போனேன். என் மனைவியும் கூட வந்தாள். அடுத்த வாரம் எங்களுக்கு ராமேஸ்வரம் போக வேண்டியிருந்தது.

அவருக்கு நாற்பது வயதிருக்கும். ஒல்லியான ஆள், அதிகம் பேச மாட்டார். அடியில் படுத்து வால்வை இழுத்தார். டீக் கஷாயம் மாதிரி ஒரு தண்ணீர், எண்ணெயும் துருவுமாக அவர் கை வழியே கொட்டியது. கொட்டிக்கொண்டே இருந்தது. பிறகு சுத்தியலால் டேங்க்கைச் சுற்றித் தட்டிப் பார்த்தார். வெளியே வந்து கையைத் துடைத்தார்.

"அண்ணாச்சி, தகடு காயிதமா இருக்கு. ஒட்டுனா நிக்காது. புது டேங்க்க மாத்திருங்க."

"புதுசு வாங்கிட்டு வர நேரமில்ல. ஒரு துண்டு வச்சு ஒட்டும்வே."

"ஒட்டித் தாரேன். ஆனா இது வண்டிய வீட்டுல கொண்டு விடுததுக்குத்தான். தூரந்தொலைக்குப் போயிராதீங்க. சொல்லிட்டேன்."

"சரி சரி, நீர் ஒட்டும்."

என் மனைவி என் பக்கத்தில்தான் நின்றாள். அவர் டேங்க்கைக் காலிசெய்து காயவைத்து, உள்ளங்கை அளவு தகட்டை வைத்து ஒட்டினார். சோப்புத் தண்ணீர் தேய்த்துப் பார்த்தார். குமிழ் வரவில்லை. நாங்கள் ராமேஸ்வரம் போய் வந்தோம். ஒன்றும் ஆகவில்லை. பிறகு கன்னியாகுமரி. அப்போதும் ஆகவில்லை. ஒரு தடவை என் மனைவி, "அந்த டேங்க்க மாத்தணும்னு சொன்னாருல்லா?" என்று கேட்டாள். "மாத்துவோம்" என்றேன். நான்கு மாதம் போனது.

ஆடி மாதத்துக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. திருவேங்கடத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்விட்டு மத்தியானம் திரும்பிக்கொண்டிருந்தோம். இரண்டு பக்கமும் உழுதுபோட்ட கரிசல் காடு. ரோட்டில் வண்டி அதிகமில்லை. ஐம்பதில் போய்க்கொண்டிருந்தேன். பின்னால் என் மனைவி கட்டிலில் உட்கார்ந்திருந்தவள், தொட்டியில் டம்ளரைக் கழுவ எழுந்திருக்கிறாள்.

அடியில் வெடித்தது. டயர்தான் என்று நினைத்தேன். அடுத்த நொடி முள் சட்டென்று கீழே விழுந்தது, எச்சரிக்கை மணி அலறியது. இந்த பஸ்ஸில் காற்று போனால் பின் சக்கரங்களை ஸ்பிரிங் தானாகவே இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பாதுகாப்புக்காக வைத்தது. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும்போது மொத்தமாகப் பிடித்தால், பின்பகுதி தன் போக்குக்கு வழுக்கும். ஸ்டியரிங் என் கையில் இருந்தது, பஸ் இல்லை. டயர் கருகும் நாற்றம் வந்தது. பின்னால் சமையல் பாத்திரங்கள் எல்லாம் ஒரே சமயத்தில் விழுந்தன. அதற்கு நடுவே என் மனைவியின் குரல் ஒரு தடவை, பாதியில் அறுந்த மாதிரி. பஸ் ரோட்டுக்குக் குறுக்கே திரும்பி நின்றது. நின்ற பிறகும் ஏதோ ஒன்று பக்கவாட்டில் வந்து மோதியது. லேசான மோதல்தான். தகரம் மட்டும் அதிர்ந்தது.

அது ஒரு பைக். முதுகில் மருந்து தெளிக்கும் டப்பாவைக் கட்டிக்கொண்டு பின்னால் வந்த ஒரு விவசாயக் கூலி. டப்பா உடைந்து ரோடெல்லாம் பூச்சிமருந்து வாடை. அவர் இடது காலில் முட்டிக்குக் கீழே எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தது. அவர் கத்தவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே கிடந்தார்.

நான் இறங்கி அவரிடம் போக நாலடி வைத்திருப்பேன். பக்கத்தில் மக்காச்சோளம் அடித்துக்கொண்டிருந்தவர்கள் மிஷினை நிறுத்திவிட்டு ஓடிவந்தார்கள்.

"ஏலே, டிரைவரப் பிடிங்கலே!"

"குடிச்சிருக்காம்லே! பஸ்ஸக் குறுக்கப் போட்டிருக்கான் பாரு!"

நான் குடிப்பதில்லை. சொல்ல வாயைத் திறந்தேன், வாயிலேயே விழுந்தது. சட்டையைப் பிடித்து இழுத்ததில் பொத்தான்கள் தெறித்தன. தரையில் தள்ளி மிதித்தார்கள். பைக்கில் மாட்டியிருந்த ஹெல்மெட்டை ஒருவன் எடுத்தான். அந்த மனிதர் தலையில் போடாமல் கண்ணாடியில் மாட்டி வைத்திருந்த ஹெல்மெட். அதாலேயே என் விலாவில் அடித்தான். ஒரு அடி, இரண்டு அடி, மூன்றாவது அடியில் உள்ளே ஏதோ விட்டது. மூச்சு வாங்க முடியவில்லை. தார் ரோடு கன்னத்தைச் சுட்டது. என்னைச் சுற்றிக் கால்கள். செருப்புப் போட்டவை, போடாதவை. நான் பிறரை அடித்த நேரங்களில் அவர்களுக்கும் இப்படித்தான் இருந்திருக்குமா என்று அப்போது நினைத்ததாக எழுதினால் அழகாக இருக்கும். நினைக்கவில்லை. எவன் கழுத்தாவது கைக்கு எட்டினால் நெரித்துவிடுவது என்றுதான் இருந்தேன்.

என் மனைவி பின்கதவு வழியாக இறங்கி வந்தாள். புருவம் கிழிந்து ஒரு கண் முழுக்க ரத்தம். வலது கை மணிக்கட்டு இருக்கக் கூடாத கோணத்தில் திரும்பியிருந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை. நேரே அந்த மனிதரிடம் போய் மண்டியிட்டாள். அவர் தோளில் கிடந்த துண்டை இடது கையாலும் பல்லாலும் கிழித்தாள். ஒரு கையால் கட்ட முடியவில்லை. அப்போதுதான் தலையைத் திருப்பிக் கத்தினாள். வார்டில் கேட்டுப் பழகிய குரல்.

"ஏலே! ஒருத்தன அடிக்க இருவது பேரு நிக்கியளே, இவன் காலப் பிடிக்க ஒருத்தன் இல்லையா? இங்கன வாங்கலே! இவனுக்கு ரத்தம் போயிக்கிட்டிருக்கு!"

அடி நின்றது. இரண்டு பேர் அவளிடம் ஓடினார்கள். ஹெல்மெட்டை வைத்திருந்தவனும் அதைக் கீழே போட்டுவிட்டுப் போய்க் காலைப் பிடித்தான். "இறுக்கிப் பிடி, ஒடஞ்ச எலும்பத் தொடாத, மேல பிடி" என்று அவள் சொல்லச் சொல்லச் செய்தான். ஆம்புலன்ஸ் வரும்வரை அவள் அந்த மனிதரின் பக்கத்திலிருந்து எழவில்லை. அவர் பெயரைக் கேட்டு, அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லி அவரைத் தூங்கவிடாமல் வைத்திருந்தாள். அவளுடைய மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது என்பது ஆஸ்பத்திரியில் படம் எடுத்தபோதுதான் தெரிந்தது.

எனக்கு இரண்டு விலா எலும்பில் கீறல். ஒரு பல் போனது. ஐந்து நாள் வீட்டில் கிடந்தேன். பஸ்ஸைப் போலீஸார் கயிறு கட்டி இழுத்துவந்து ஸ்டேஷன் பக்கத்துக் காலி மனையில் விட்டிருந்தார்கள். வண்டியைப் பார்த்த அதிகாரி போனில் சொன்னார்: "ஏர் டேங்க்தான் சார் வெடிச்சிருக்கு. ஒட்டுப்போட்ட எடத்துப் பக்கத்துல பிரிஞ்சிருக்கு."

'ஒட்டு' என்ற சொல் மட்டும்தான் எனக்குள் இறங்கியது. திரும்பினால் விலா குத்தும். குத்தும்போதெல்லாம் அந்த வெல்டரின் முகம். என் மனைவி இடது கையால் சோறு பிசைந்து சாப்பிட முயன்று சிந்துவதைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். அவர் பட்டறையில் அன்றைக்குச் சொன்னது, 'வீட்டில் கொண்டு விடுவதற்குத்தான்' என்று சொன்னது, அந்த ஐந்து நாளில் எங்கே போனது? மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது பொய். நினைவில் இருந்தது என்றாலும் பொய். யாராவது ஒருத்தன் குற்றவாளியாக இருக்க வேண்டும், அது நானாக இருக்கக் கூடாது. அதற்கு இடைஞ்சலாக இருந்த எல்லாவற்றையும் தலைக்குள் ஒரு மூலையில் தள்ளி மேலே ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

ஆறாம் நாள் காலை அவள் கட்டு மாற்ற ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். ஸ்டேஷன் பக்கம் நடந்துபோய், பஸ்ஸின் டூல் பெட்டியைத் திறந்து வீல் ஸ்பேனரை எடுத்தேன். ஆட்டோக்காரர், "எங்கன சார்?" என்றார். பட்டறை பேரைச் சொன்னேன். ஸ்பேனரைப் பார்த்துவிட்டு வழியெல்லாம் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு ஓட்டினார்.

முதல் அடியைச் சொல்லிவிட்டேன். அவர் முகம் குப்புற விழுந்தார். வெல்டிங் கம்பி பிடித்திருந்த கை தரையைத் தேடியது. கண்ணாடி கழன்றது. என்னை அடையாளம் கண்டுகொண்டு, "அண்ணாச்சி" என்றார். அந்தச் சொல் என்னை நிறுத்தியிருக்க வேண்டும். அதே தோளில் மறுபடியும் அடித்தேன். மூன்றாவது அடிக்குக் கையைக் குறுக்கே வைத்தார். விரல்களில் பட்டது.

"என் பெண்டாட்டி கைய ஒடச்சிட்டயேல! ஒட்டிக் குடுத்தியோல, ஒட்டி! இப்ப ஒன் கைய ஒட்டுல பாப்போம்!"

இதுதான் நான் கத்தியது. வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது. பிறகு ஸ்டேஷனில் வேறு இரண்டு பேரும் இதையே சொன்னார்கள்.

பட்டறைக்குப் பின்னால்தான் அவர்கள் வீடு. அவருடைய மனைவி ஓடிவந்தாள். கத்தவில்லை, கும்பிடவில்லை. நேரே வந்து என் மணிக்கட்டைக் கடித்தாள். பல் எலும்பு வரை இறங்கியது. மறு கையால் அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்தேன், விடவில்லை. ஸ்பேனர் என் கையிலிருந்து விழுந்த பிறகுதான் வாயை எடுத்தாள். எடுத்து என் முகத்திலேயே துப்பினாள், என் ரத்தத்தை. அதற்குள் பக்கத்துப் பட்டறைக்காரர்கள் என்னைப் பிடித்துவிட்டார்கள். லாரி கட்டும் கயிற்றால் வாசல் கரண்டுக் கம்பத்தில் சேர்த்துக் கட்டினார்கள். ஆறாத விலாவிலேயே ஒருவன் முழங்காலால் இடித்தான்.

வெல்டர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வலது கை அவருடையது இல்லாதது மாதிரி மடியில் கிடந்தது. என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

"நான் சொன்னேம்லா அண்ணாச்சி? வீட்டுல கொண்டு விடுததுக்குத்தான்னு சொன்னேம்லா? மாத்துங்கன்னு சொன்னேம்லா?"

"சொல்லல" என்றேன். "நீ ஒண்ணும் சொல்லல."

எல்லோர் முன்னாலும், கம்பத்தில் கட்டப்பட்டு நின்றபடி அப்படிச் சொன்னேன். அடித்ததைவிட அதற்குத்தான் எனக்கு இன்றைக்கும் கூசுகிறது.

எங்களைத் தெரிந்த அந்த ஆட்டோக்காரர் ஆஸ்பத்திரிக்குப் போய் என் மனைவியிடம் விஷயத்தைச் சொல்லிக் கையோடு கூட்டிவந்திருந்தார். கையைத் தூளியில் தொங்கப்போட்டபடி இறங்கினாள். கூட்டம் விலகியது. என்னிடம் வருவாள் என்று நினைத்தேன். வெல்டரிடம் போனாள். தோளைத் தொடாமலே பார்த்தாள். "காறை எலும்பு போயிருக்கு. கைய அசைக்காதீங்க தம்பி" என்று சொல்லி, தன் கழுத்துத் தூளியைக் கழற்றி அவருக்குக் கட்டச் சொன்னாள். தன் மாவுக்கட்டுக் கையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டாள்.

வெல்டரின் மனைவி கேட்டாள்: "நீங்க சொல்லுங்க சிஸ்டர். இவரு சொன்னாரா, சொல்லலையா?"

என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"சொன்னாரு," என்றாள். "நான் பக்கத்துலதான் நின்னேன்."

ஸ்டேஷனில் மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தோம். அங்கே இருந்த போலீஸ்காரர், "ரெண்டு பக்கமும் பேசி முடிச்சிக்கிடலாம்லா? வயசான மனுசன், பஸ் ஆக்ஸிடெண்டு, மன உளைச்சல்" என்று இழுத்தார். வெல்டரின் மனைவி முடியாது என்றாள். என் பக்கத்துச் சொந்தக்காரர் ஒருவர் என் மனைவியைத் தனியே கூப்பிட்டு, "ஞாபகம் இல்லன்னு மட்டும் சொல்லு போதும்" என்று சொல்லியிருக்கிறார். உள்ளே வந்து அவள் சொன்னாள்:

"எழுதிக்கிடுங்க சார். டேங்க்க மாத்தச் சொன்னது உண்மை. நாங்க மாத்தல. அவரு மேல தப்பு இல்ல."

வலது கை முடியாததால் பெருவிரல் ரேகை வைக்கச் சொன்னார்கள். முப்பது வருஷம் ரிப்போர்ட் எழுதிய பெண். "ரேகை வேண்டாம்" என்று சொல்லி இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டாள். அன்றைக்கு என்னை உள்ளே வைத்தார்கள். மூன்று நாள் கழித்து ஜாமீனில் வந்தேன். வீட்டில் எனக்குச் சாப்பாடு இருந்தது. பேச்சு இல்லை.

பஸ்ஸை அந்த மனையிலிருந்து எடுத்துவிடச் சொன்னார்கள். ராஜபாளையம் ரோட்டிலும் சரி, திருநெல்வேலி ரோட்டிலும் சரி, எந்தப் பட்டறையும் அதைத் தொட முன்வரவில்லை. ஒருவர் மட்டும் முகத்துக்கு நேரே சொன்னார். "ஒமக்கு வேல செஞ்சுட்டு நான் ஆஸ்பத்திரியில படுக்கவா?" நியாயம்தான். திருநெல்வேலிக்குப் போய்ப் புது டேங்க்கையும், இறுக்கும் பட்டைகளையும், பித்தளை இணைப்புகளையும் நானே வாங்கிவந்தேன். நானே பஸ்ஸுக்கு அடியில் போனேன்.

அறுபதைத் தாண்டிய வயதில், விலா ஆறாத நிலையில், மல்லாந்து படுத்துச் செய்கிற வேலை இல்லை அது. சக்கரங்களுக்குக் கல் வைத்து அடைத்தேன். போல்ட்டுகள் துருவில் வெந்து ஒன்றாகியிருந்தன. எண்ணெய் ஊற்றி ஒரு நாள் ஊறவிட்டும் அசையவில்லை. உளி வைத்து அடித்தேன். சுத்தியல் வழுக்கிப் புறங்கையைக் கிழித்தது. வெறி வந்தது. அந்த டேங்க்கை ஒரு ஆளை அடிப்பதுபோல அடித்தேன். துரு கண்ணில் கொட்டியது. அடிக்க அடிக்கப் போல்ட்டின் தலை மழுங்கியதே தவிர வேறொன்றும் நடக்கவில்லை. அப்படியே கிடந்து, மூச்சிரைத்து, கெட்ட வார்த்தையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பஸ்ஸுக்கு வெளியே இரண்டு பாதங்கள் தெரிந்தன. என் மனைவி. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை.

"முடிஞ்சுதா?" என்றாள்.

"இல்ல. வர மாட்டேங்கு."

"அடிச்சு முடிஞ்சுதான்னு கேட்டேன்."

ஒன்பது நாளுக்குப் பிறகு அவள் என்னிடம் பேசியது அதுதான். நான் சுத்தியலைக் கீழே வைத்தேன். ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையிலிருந்து கரண்டு எடுத்து, கிரைண்டரால் போல்ட்டுகளை அறுத்தேன். பட்டைகள் விட்டன. டேங்க் என் நெஞ்சின் மேலேயே இறங்கியது. இவ்வளவு பெரிய டேங்க்குக்கு அந்தக் கனம் ரொம்பக் குறைவு.

வெளியே இழுத்து வெயிலில் போட்டுப் பார்த்தோம். வெல்டர் ஒட்டிய தகடு அப்படியே இருந்தது. வெல்டிங் கோட்டில் ஒரு மயிரிழை விரிசல்கூட இல்லை. அதற்கு மூன்று விரல் தள்ளி, பழைய இரும்பு வாழைமட்டை மாதிரி கிழிந்து விரிந்திருந்தது. கிரைண்டரை வைத்து நீளவாக்கில் அறுத்தேன். உள்ளே அடியில் முழங்கை நீளத்துக்குச் சேறு. துருவும் எண்ணெயும் சேர்ந்த கறுப்புச் சேறு. ஸ்குரூடிரைவரால் குத்தினேன். தகட்டில் சுலபமாக ஓட்டை விழுந்தது. இன்னொரு இடத்தில் குத்தினேன். அங்கேயும் விழுந்தது.

"இதுல தண்ணிய யாரு தொறந்து விடணும்?" என்று அவள் கேட்டாள்.

"நான்தான்."

அவள் தலையசைத்தாள். திட்டவில்லை. போய் உட்கார ஒரு கல்லைத் தேடி உட்கார்ந்தாள். நான் புது டேங்க்கைத் தூக்கிப் பட்டையில் மாட்டினேன். விலா வலியில் இரண்டு தடவை இறக்கிவைத்தேன். இணைப்புகளை முறுக்கி, குழாய்களைக் கொடுத்து, இன்ஜினை ஓடவிட்டேன். முள் ஏறியது. சோப்புத் தண்ணீரை ஒவ்வொரு இணைப்பிலும் தேய்த்தேன். ஒன்றில் குமிழ் வந்தது. காற்றை இறக்கிவிட்டு, கழற்றி மறுபடி மாட்டினேன். இன்ஜினை நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் காத்திருந்தோம். முள் இறங்கவில்லை. இதைத்தான் அந்த மனிதர் நான்கு மாதம் முன்பு செய்யச் சொன்னார். எல்லாம் சேர்த்து ஒன்றரை நாள் வேலை.

பைக்கில் வந்தவருக்குக் காலில் கம்பி வைத்தார்கள். ஒரு வருஷத்துக்குப் பிறகு கொஞ்சம் சாய்ந்து நடக்கிறார். பனவடலிசத்திரத்தில் அவர் வீடு. என் மனைவி மாதம் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருவாள். என்னைக் கூப்பிட்டதில்லை. நானாக ஒரு தடவை போனேன். அவர் உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

வெல்டரை அடித்த கேஸ் நடந்தது. வக்கீல், "சாட்சி ஒங்க மனைவிதான், குறுக்கு விசாரணையில கொழப்பிரலாம்" என்றார். அவளைக் கூண்டில் ஏற்றிக் குழப்ப ஒருத்தருக்குப் பணம் கொடுப்பதா? வேண்டாம் என்றேன். குற்றத்தை ஒத்துக்கொண்டேன். வயதையும் முன் தண்டனை இல்லாததையும் பார்த்து, அபராதமும் கோர்ட் கலையும்வரை காவலும் என்று தீர்ப்புச் சொன்னார்கள். கோர்ட் கலையும்வரை என்றால், சாயங்காலம் வரை அந்த அறையின் ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். எழுந்து போகக் கூடாது. காலை பதினோரு மணியிலிருந்து உட்கார்ந்திருந்தேன். அடுத்தவர்களின் அடிதடி ஒவ்வொன்றாக என் கண் முன்னால் வந்து போனது. வரப்புத் தகராறில் மண்வெட்டியால் வெட்டியவன், அண்ணனின் மண்டையை உடைத்தவன், பெண்டாட்டிக்குச் சூடு வைத்தவன். எல்லோரும் கைகட்டி நின்றார்கள். எல்லோருக்கும் ஒரு காரணம் இருந்தது.

வெல்டர் வந்திருந்தார். வர வேண்டிய கட்டாயம் இல்லை, ஆனாலும் வந்திருந்தார். மத்தியான இடைவேளையில் வராந்தாவில் தண்ணீர்ப் பானையருகே நின்றார். டம்ளரை இடது கையால் எடுத்தார். வலது கை தோளுக்கு மேல் எழும்புவதில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். காவலுக்கு நின்ற போலீஸ்காரரிடம் கேட்டுவிட்டு வாசல் வரை போனேன்.

"தம்பி," என்றேன். அதற்கு மேல் தயார்செய்து வைத்திருந்தது எதுவும் வரவில்லை. "நீங்க சொன்னீங்க. நான்தான் கேக்கல. நான் செஞ்சது..."

அவர் டம்ளரை வைத்துவிட்டு ஒரு அடி பின்னால் போனார். கோபத்தால் இல்லை. என் கைகளைப் பார்த்துக்கொண்டே போனார்.

"சரி அண்ணாச்சி. வுட்ருங்க. பக்கத்துல மட்டும் வராதீங்க," என்றார். "ஒங்களப் பாத்தா தோளு தானா வலிக்கி."

நான் திரும்பிப் போய் பெஞ்சில் உட்கார்ந்தேன். ஐந்தே முக்கால் மணிக்கு நீதிபதி எழுந்தார். எல்லோரும் எழுந்தோம். போகலாம் என்று ஒருவர் சைகை காட்டினார். என் மனைவி வெளியே வேப்பமரத்தடியில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தாள். ஏதாவது சாப்பிட்டாயா என்று கேட்டேன். இல்லை என்றாள். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் போய் உட்கார்ந்து ஆளுக்கு இரண்டு இட்லி சாப்பிட்டோம்.